பட்டு நூல் இறக்குமதியும் அரசாங்க உதவியும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலை காஞ்சிபுரத்தில் நெய்யப்படுகிறதே அன்றி, அதற்கு வேண்டிய நூல் ஈண்டு விளைவதில்லை. பட்டுக்கூடு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும், உடுமலைப்பேட்டை, ஈரோடு வட்டாரங்களிலும் விளைகிறது. அதனினும் மிகுதியாகக் கர்நாடகத்தில் விளைந்து, இராமநகரம் முதலிய ஊர்ச் சந்தைகளில் விலையாகிறது. சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. நம் ஊர் தருவன சாயமும், பாவும், மூன்று நாடா கொண்டு கரையைக் கோர்வையாக இணைக்கும் திறமும், முந்தானைக்கு வேறு வண்ண இழையைப் பேட்னி போட்டுச் சேர்க்கும் பொறுமையுமே ஆகும். ஆகவே பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் உறுப்பினருக்கும், பாலக்கோட்டுப் பக்கத்தில் விடியற்காலையில் மல்பெரித் தழை வெட்டும் உறுப்பினருக்கும் இடையே ஒரு பொருள் பொதுவாக உள்ளது. அது கச்சாப் பட்டு நூலின் விலை.

அவ்விலை முன்னவருக்குச் செலவு, பின்னவருக்கு வரவு. இம்மாத இதழ் இருவர் இல்லத்துக்கும் செல்வதாதலின், ஒருவர் பக்கம் மட்டும் பேசி முடித்துவிட இயலாது. 1991ஆம் ஆண்டு முதல் நாட்டில் நிகழ்ந்த பொருளாதாரச் சீர்திருத்தம் இந்த விலையை எவ்வாறு அசைத்தது, அதே காலத்தில் அரசாங்கமும் அயல்நாடுகளும் அளித்த உதவி எங்கே சென்று சேர்ந்தது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

உதவி என்பது நம் தொழிலுக்குப் புதியதன்று. 1953ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆலைத் துணியின் மேல் கெஜத்துக்கு மூன்று பைசா வீதம் கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, அத்தொகை கதருக்கும் கைத்தறிக்குமெனத் தனி நிதியாக ஒதுக்கப்பட்டது. அக்காலத்துப் பைசா அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதை இளைய உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்நிதியிலிருந்துதான் நெசவாளர் சங்கத்தில் பங்குத் தொகை செலுத்தக் கடனும், சங்கத்துக்கு நடைமுறை மூலதனமும், வாங்குவோருக்குத் தள்ளுபடியும் வழங்கப்பட்டன. 1935ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் இந்நிதியினால் பெரிதும் வலுப்பெற்றது. ஆலைக்காரரிடம் பெற்று நெசவாளருக்கு அளித்த ஏற்பாடு இது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. பின்னர் வந்த உதவிகளில் இந்தத் தெளிவு குறைந்துகொண்டே போயிற்று.

1985ஆம் ஆண்டில் கைத்தறிக்கெனச் சில வகைகளை ஒதுக்கிய சட்டம் வந்தது. ஆலை, விசைத்தறி உரிமையாளர்கள் அதை எதிர்த்து வழக்காடினர். 1993ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டு வகைகள் பின்னர் 11 ஆகக் குறைக்கப்பட்டன. பட்டுச் சேலை அப்பட்டியலில் நிலைத்தது. ஆயினும் சட்டம் சேலையைக் காத்ததேயன்றி, சேலைக்கு வேண்டிய நூலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

திறந்த கதவு

1991ஆம் ஆண்டின் நடுவில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாய்ச் சுருங்கிற்று. ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடாக வைக்கப்பட்டது. ஜூலைத் திங்களின் முதல் மூன்று நாட்களுக்குள் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளில் குறைக்கப்பட்டது. அம்மாதம் 24ஆம் நாள் நிதியமைச்சர் மன்மோகன் சிங் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் உரிமச் சீட்டு முறையைத் தளர்த்தி, சுங்கத் தீர்வைகளைக் குறைக்கும் பாதையைத் தொடங்கிற்று. பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் கடன் அளித்தன. சீர்திருத்தம் அக்கடனின் நிபந்தனையாகவும் இருந்தது.

கச்சாப் பட்டு அதுவரை உரிமச் சீட்டின் கட்டுக்குள் இருந்தது. கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி, எஞ்சிய பொருள்களின் மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் 2001 ஏப்ரலில் நீங்கின. அதன்பின் உள்நாட்டுப் பட்டு விவசாயிக்குக் காவலாக நின்றது சுங்கத் தீர்வை ஒன்றே.

கதவுக்கு அப்பால் இருந்தது சீனம். 1978 முதல் தன் பொருளாதாரத்தை மாற்றத் தொடங்கிய அந்நாடு, அதற்குச் சற்று முன்னரே கச்சாப் பட்டு உற்பத்தியில் ஜப்பானை விஞ்சிவிட்டது. சீனப் பட்டு வெண்பட்டு, இழை சீரானது, பாவில் அறுபடுவது குறைவு. நம் கைத்தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் நிறுத்தி முடிந்துகொள்வார். விசைத்தறியிலோ ஒவ்வோர் அறுபடலும் பொறி நிற்கும் நேரம். ஆதலின் பெங்களூர் முதலிய இடங்களில் விசைத்தறிக்காரர்கள் சீன நூலை விரும்பியதில் வியப்பில்லை. 2002-03ஆம் ஆண்டில் இறக்குமதி சுமார் 9,000 டன் ஆயிற்று. அவ்வாண்டு நாட்டில் விளைந்த எல்லா வகைப் பட்டும் சேர்ந்து 16,000 டன் அளவே. 2003ஆம் ஆண்டில் அரசாங்கம் குறிப்பிட்ட தரத்துக்குட்பட்ட சீன மல்பெரிப் பட்டின் மீது பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வை விதித்தது.

இதன் பின்னர்ச் சாதாரணச் சுங்கத் தீர்வை சென்ற வழியைக் கவனியுங்கள். 2011 பிப்ரவரி வரவு செலவுத் திட்டம் வரை 30 விழுக்காடாக இருந்தது. அத்திட்டத்தில் ஒரே வீச்சில் 5 விழுக்காடாக இறக்கப்பட்டது. நெசவாளர்க்கு நூல் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். கூட்டின் விலை வீழ்ந்தது. கர்நாடகத்தில் விவசாயிகள் சாலைக்கு வந்தனர். 2013ஆம் ஆண்டில் தீர்வை 15 ஆக ஏறிற்று. இடையில் 10 ஆக இறங்கிற்று. 2021 பிப்ரவரியில் மீண்டும் 15 ஆயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியிலும் 2022ஆம் ஆண்டிலும் நம் ஊரில் நூல் விலை கடுமையாக ஏறியதை நெசவாளர் எவரும் மறந்திரார். தீர்வை ஒன்றினால் மட்டும் அவ்வேற்றம் நிகழவில்லை. தொற்று நோய்க் காலத்துக்குப் பின் தேவை திடீரெனத் திரும்பியதும், சீனத்திலேயே விலை உயர்ந்திருந்ததும் அதில் பங்கு கொண்டன.

ஆயிரம் ரூபாய்க்கு வந்திறங்கும் ஒரு கிலோ நூல், 30 விழுக்காட்டுத் தீர்வையில் 1,300 ரூபாய்; 5 விழுக்காட்டில் 1,050 ரூபாய். ஓர் இரவில் 250 ரூபாய் வேறுபாடு. தழை நட்டு, கொட்டகை கட்டி, கடன் வாங்கியிருக்கும் குடியானவர் ஓர் இரவில் தம் செலவை அவ்வாறு குறைத்துக்கொள்ள முடியுமா?

இரு கணக்குகள்

இங்கே நம் இரு கூட்டத்தாரும் பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுதல் நலம். கீழ்வரும் எண்கள் கணக்கு எளிதாவதற்காகக் கொள்ளப்பட்டவை. தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ கச்சா நூல் எடுக்க 7 கிலோ வெண்கூடு தேவை எனக் கொள்வோம். நல்ல கூட்டில் ஆறரைக் கிலோவிலேயே நூல் கிடைக்கும். மஞ்சள் நிறக் கலப்பினக் கூட்டில் எட்டுக் கிலோவும் ஆகலாம். ஒரு சேலைக்குச் சாயத்துக்கு முன் அரைக் கிலோ கச்சா நூல் வேண்டும் எனவும் கொள்வோம். நூல் விலை கிலோவுக்கு 700 ரூபாய் இறங்குகிறது. கூட்டின் விலை கிலோவுக்கு 100 ரூபாய் இறங்கும். 100 முட்டைத் தொகுதி வளர்த்து 60 கிலோ கூடு எடுத்த குடும்பம், அந்த ஒரு பருவத்தில் 6,000 ரூபாய் இழக்கிறது. அந்த 60 கிலோ கூட்டிலிருந்து வரும் எட்டரைக் கிலோ நூலில் 17 சேலைகள் நெய்யலாம். சேலைக்கு 350 ரூபாய் வீதம் 17 சேலைகளிலும் மிச்சமாவது ஏறத்தாழ அதே 6,000 ரூபாய்தான்.

தொகை ஒன்றே, ஆனால் அது விழும் இடம் வேறு. ஒரு குடும்பத்தின் ஒரு பருவ வருவாயில் விழுந்த அடி, பதினேழு சேலைகளின் விலையில் சிறு சிறு துளியாகச் சிதறிப் போகிறது. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள சேலையில் 350 ரூபாய் குறைந்ததை எந்த மணவீட்டாரும் உணரார். கடையில் அது ஒரு தள்ளுபடி அட்டையில் மறைந்துவிடும்.

நெசவாளருக்கு அதில் என்ன கிடைத்தது? இதுவே இப்பாடத்தின் உட்பொருள் என்று கருதுகிறோம். நூல் மலிந்தால் தமக்கு நன்மை என்பது நம் நெசவாளரிடையே வேரூன்றிய எண்ணம். ஆனால் சங்கத்தில் நெய்பவர் நூலைத் தாம் விலைக்கு வாங்குவதில்லை. சங்கம் நூலும் சரிகையும் தருகிறது. வடிவத்துக்கு ஏற்பச் சேலைக்கு இவ்வளவு எனக் கூலி தருகிறது. வெளியே முதலாளியிடம் நெய்பவர் நிலையும் இதுவே. நூல் விலை இறங்கிய மாதத்தில் கூலி ஏறியதாக எவரேனும் கண்டதுண்டா? மலிவின் பயன் கூலியைத் தொடுவதற்கு முன்பே வேறிடத்தில் நின்றுவிடுகிறது.

அவ்வாறாயின் நூல் விலை ஏறுவதாலும் நெசவாளருக்குத் தீங்கில்லை என்று சொல்லலாமோ எனின், சொல்லலாகாது. இரண்டாவது கணக்கைப் பார்ப்போம். ஒரு சங்கம் நூலுக்கென 10 இலட்சம் ரூபாய் நடைமுறை மூலதனம் வைத்திருக்கிறது. நூல் கிலோ 4,000 ரூபாய் எனில், 250 கிலோ வாங்கலாம். 500 சேலைகள் ஆகும். விலை 5,000 ஆனால் அதே பணத்துக்கு 200 கிலோதான் கிடைக்கும். 400 சேலைகளே ஆகும். ஒரு பாவுக்கு மூன்று சேலை என்று கொண்டால், முப்பத்து மூன்று பாவுகள் குறைந்தன. கூலி வீதம் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் முப்பத்து மூன்று தறிகள் ஒரு சுற்றுக் காலம் வெறுமையாய் நிற்கின்றன. அல்லது எல்லாத் தறிகளுக்கும் ஒரு பாவுக்கும் மறு பாவுக்கும் இடையே நாட்கள் நீள்கின்றன. பாவு இறக்கிய பின் அடுத்த பாவுக்காகக் காத்திருக்கும் அந்நாட்களுக்குக் கூலி இல்லை. அடுப்பு மட்டும் எரிய வேண்டும்.

ஆகவே விவசாயியைத் தாக்குவது திடீர் இறக்கம். நெசவாளரைத் தாக்குவது திடீர் ஏற்றம். இருவரையும் தாக்குவது விலையின் உயரமோ தாழ்வோ அன்று, அதன் துள்ளலே. பத்தாண்டுக் காலத்தில் தீர்வையை 30, 5, 15, 10, 15 என மாற்றிய ஒவ்வொரு முறையும் அரசாங்கம் ஒருவர் துயரை நீக்க மற்றவர் மேல் கை வைத்தது. நாமும் ஒருவர் மனுக் கொடுக்க மற்றவர் எதிர்மனுக் கொடுத்து, அவ்வாட்டத்துக்குத் துணை நின்றோம்.

ஜப்பானில் நடந்தது

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பான் நாட்டில் 1929ஆம் ஆண்டளவில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்தன. 1970களில் சீனப் பட்டு மலிவாக வந்து இறங்கியபோது, அந்நாட்டு அரசாங்கம் தன் குடியானவரைக் காக்க எண்ணி, கச்சாப் பட்டு இறக்குமதியை ஓர் அரசாங்கக் கழகத்தின் கையில் ஒப்படைத்தது. உள்நாட்டு விலை உயர நின்றது. கியோட்டோ நகரத்தில் நிஷிஜின் என்னும் நெசவாளர் பேட்டை உண்டு. பழைய கோயில்களும் பட்டுத் தறிகளும் அடுத்தடுத்து இருப்பதில் காஞ்சிபுரத்துக்கு உறவு என்றே சொல்லலாம். அங்குக் கழுத்துப்பட்டை நெய்வோர், உலக விலையினும் ஏறத்தாழ இருமடங்கு கொடுத்து நூல் வாங்க வேண்டியதாயிற்று. நூலுக்குத் தடை, ஆனால் அயல்நாட்டில் நெய்து வந்த கழுத்துப்பட்டைக்குத் தடையில்லை. இது தங்கள் தொழிலுரிமையைப் பறிப்பதாகும் என்று அவர்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்தனர். கீழ்மன்றத்தில் தோற்றனர், 1990ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் தோற்றனர்.

வென்ற குடியானவர் நிலை என்னவாயிற்று? இன்று ஜப்பானில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் இருநூறுக்கும் குறைவு. வயல் கூலி உயர்ந்தது, இளைஞர் நகரம் சென்றனர், கிமோனோ உடுத்துவோர் குறைந்தனர் என்று காரணம் பல. நெசவு தளர்ந்தபின் நூலுக்கு உயர்ந்த விலை இருந்து பயனென்ன? வாங்குவோர் இருந்தாலன்றோ விலை! ஒருவர் மற்றவரை வழக்கில் வெல்ல முடிந்தது. இருவருக்கும் பொதுவான வீழ்ச்சியை எவரும் வெல்லவில்லை.

ஆயினும் ஜப்பானியர் சேர்த்து வைத்திருந்த அறிவு வீணாகவில்லை. அதன் ஒரு பகுதி நம்மிடம் வந்தது. அதை அடுத்துக் காண்போம்.

வந்த உதவியும் தங்கிய உதவியும்

பட்டு வளர்ப்புக்கு அயல்நாட்டு உதவி இரு பெரும் வழிகளில் வந்தது. உலக வங்கி 1980ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் பட்டு வளர்ச்சித் திட்டத்துக்குக் கடன் அளித்தது. 1989ஆம் ஆண்டில் தேசியப் பட்டு வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. உலக வங்கியின் கடனோடு சுவிட்சர்லாந்து அரசாங்கத்தின் உதவியும் அதில் சேர்ந்தது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு, மேற்கு வங்கம், காஷ்மீரம் ஆகிய பழைய பட்டு மாநிலங்களோடு, பட்டு அறியாத பல மாநிலங்களிலும் அத்திட்டம் பரவிற்று. முட்டை உற்பத்தி நிலையங்கள், பயிற்சிப் பள்ளிகள், களப் பணியாளர் எனப் பெரும் அமைப்பு எழுந்தது. கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: பட்டு விளைச்சலைப் பெருக்கக் கடன் வாங்கிய அதே ஆண்டுகளில்தான், வெளிப்பட்டு உள்ளே வரக் கதவும் திறக்கப்பட்டது. ஒரு கை மல்பெரி நட்டது. மறு கை வேலியைப் பிரித்தது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கைகள்.

மற்றொரு வழி ஜப்பானுடையது. தொகையில் அது சிறியது. 1991ஆம் ஆண்டு முதல் ஜப்பானியப் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் வல்லுநர்கள் மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி பயிற்சி நிலையத்தில் நம் அறிஞர்களோடு சேர்ந்து பணியாற்றினர். தென்னாட்டு வெப்பத்தில் வெண்பட்டுப் புழு பிழைக்காது, இங்கு மைசூர்ப் புழுவும் அதன் கலப்பினமுமே ஏற்றவை என்பது அதுவரை நிலவிய பொதுவான கருத்து. அங்கு உருவான சி.எஸ்.ஆர். இனங்கள் அக்கருத்தை மாற்றின. சி.எஸ்.ஆர். 2, சி.எஸ்.ஆர். 4 என்னும் இரு இனங்களின் கலப்பு விவசாயிகளிடம் மிகவும் பரவிற்று. ஆராய்ச்சிக் கட்டம் 1997இல் முடிந்ததும், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களில் விவசாயிகளின் கொட்டகையிலேயே செய்து காட்டும் கட்டம் 2002 வரை நடந்தது; பணியாளர்க்கும் பரப்புரைக்குமான மூன்றாம் கட்டம் 2007இல் நிறைவுற்றது.

இனம் மட்டும் வந்திருந்தால் பயன் சிறிதே ஆகியிருக்கும். அதனோடு வளர்க்கும் முறையும் வந்தது. இளம்புழுக்களைச் சாக்கி நிலையத்தில் ஒன்றாக வளர்த்து, இரண்டாம் தோலுரிப்புக்குப் பின் விவசாயிக்குக் கொடுத்தல். வீட்டுக்குள் தட்டில் வளர்ப்பதை விட்டுத் தனிக் கொட்டகை கட்டுதல். தழையைக் கிள்ளிப் போடாமல் தண்டோடு வெட்டி அடுக்குகளில் இடுதல். ஒவ்வொரு பருவத்துக்கும் முன் கொட்டகையைக் கிருமி நீக்கம் செய்தல். தண்டோடு இடும் முறையால் உழைப்பு வெகுவாகக் குறைந்தது என்பதை, மாமியாரும் மருமகளும் இரவெல்லாம் தழை நறுக்கிய நாட்களை அறிந்த வீட்டார் சொல்லக் கேட்கலாம். வி-1 என்னும் மல்பெரி வகை தழையைப் பெருக்கிற்று. தமிழ்நாட்டில் இன்று விளையும் கூட்டில் பெரும்பகுதி வெண்கூடே. வல்லுநர் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகியும் கொட்டகையும் முறையும் இங்கேயே இருக்கின்றன.

இதன் பயனை இறக்குமதிக் கணக்கில் காணலாம். 2002-03இல் சுமார் 9,000 டன்னாக இருந்த கச்சாப் பட்டு இறக்குமதி, 2022-23இல் ஏறத்தாழ 4,000 டன்னாகக் குறைந்தது. உள்நாட்டு உற்பத்தியோ 16,000 டன்னிலிருந்து 36,000 டன்னுக்கு மேல் சென்றது. அதில் நான்கில் மூன்று பங்கு மல்பெரிப் பட்டு. சீனத்தில் கூலி உயர்ந்து, கீழைக் கடற்கரை மாநிலங்களில் பட்டு குன்றி, குவாங்சி முதலிய பகுதிகளுக்குப் பெயர்ந்ததும் ஒரு காரணமே. நம் திறமை ஒன்றே காரணம் என்று மார்தட்ட வேண்டியதில்லை.

இனி நெசவாளருக்கு வந்த உதவியைப் பார்ப்போம். மத்திய அரசாங்கம் பழைய தள்ளுபடி முறையை மாற்றி, 1989-90இல் சந்தை வளர்ச்சி உதவி என்ற முறையைக் கொணர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அதுவும் வேறொரு திட்டத்தில் கலந்தது. தமிழ்நாடு அரசாங்கம் தள்ளுபடி மானியத்தைக் கைவிடாமல் தொடர்ந்தது. 2011ஆம் ஆண்டில் கைத்தறிச் சங்கங்களுக்கும் நெசவாளருக்கும் நிலுவைக் கடனை நீக்க 3,884 கோடி ரூபாய் மதிப்பிலான மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் வழியே வாங்கும் நூலுக்கு 10 விழுக்காடு விலை மானியம் வந்து, பின்னர் அது 15 ஆயிற்று. இம்மானியம் பட்டில் உள்நாட்டு நூலுக்கே உரியது. இந்த ஒரு விதி நெசவாளரையும் விவசாயியையும் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. சட்டம் இயற்றியோர் இதை எண்ணித்தான் செய்தனரோ, அறியோம். ஆனால் நல்ல விதி.

தள்ளுபடியைப் பற்றி நம் கருத்து வேறு. அதை நிறுத்தச் சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை. நிறுத்தினால் தீபாவளிக்கு விற்பனை குன்றும். எனினும் அது செய்வது என்ன? பண்டிகைக் காலத்தில் வாங்குவோரைக் கடைக்கு இழுக்கிறது. மற்ற மாதங்களில் அவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சங்கம் தள்ளுபடியை முன்னதாகக் கொடுத்துவிட்டு, அரசாங்கத்திடமிருந்து அத்தொகை திரும்பி வரும் வரை தன் மூலதனத்தைப் பூட்டி வைக்கிறது. மேற்சொன்ன இரண்டாம் கணக்கை நினைவு கூருங்கள். 10 இலட்சத்தில் 2 இலட்சம் தள்ளுபடி நிலுவையாய் நின்றுவிட்டால், நூல் விலை ஏறாமலே நூறு சேலைகளுக்கான நூல் வாங்க முடியாமற் போகிறது. விற்பனைக்கு என வந்த உதவி பாவைத் தாமதமாக்குகிறது.

கடன் நீக்கமும் அத்தகையதே. சுமை இறங்கியது உண்மை. ஆனால் கடன் ஏறியதற்குக் காரணமாயிருந்த நூல் விலைத் துள்ளலும், மானிய நிலுவையும், விற்காத சரக்கும் அவ்வாறே இருந்தால், சில ஆண்டுகளில் பேரேடு பழைய நிறம் பெறும்.

காஞ்சிபுரத்திலேயே இருக்கும் கருவி

இருவரையும் இணைக்கும் அமைப்பைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு கூட்டுறவுப் பட்டு உற்பத்தியாளர் இணையமாகிய டான்சில்க்கின் தலைமையகம் காஞ்சிபுரத்திலேயே உள்ளது. சங்கங்களுக்குப் பட்டு நூல் வழங்குவது அதன் வேலை. அண்ணாவின் பெயரால் அமைந்த பட்டுப் பரிமாற்ற நிலையமும் இவ்வூரில் இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியம் 2004 முதல் பட்டு முத்திரை வழங்குகிறது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு சேலையின் பெயரைக் காக்கிறது. பெயருக்குரிய விலை கிடைக்க வேண்டுமாயின், உள்ளே இருக்கும் நூலும் அப்பெயருக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும்.

இப்போது தருமபுரி வெண்கூட்டிலிருந்து எடுக்கும் நல்ல நூல் பாவுக்கு ஏற்றது. பொறி நூற்பாலையில் எடுத்து, முறையாக முறுக்கேற்றினால், அது வெளி நூலுக்கு இளைத்ததன்று. ஆனால் கூட்டுக்கும் பாவுக்கும் இடையே ஏலம், நூற்பு, தரகு, முறுக்கு என்று பல கைகள் உள்ளன. விலை துள்ளும்போது ஒவ்வொரு கையும் தன் பங்கை முன்னதாக எடுத்துக்கொள்கிறது. கடைசியில் இருப்பவர்கள் இரு முனையிலும் உள்ள நம் உறுப்பினர்கள். விலை தாழ்ந்த மாதங்களில் இணையம் நூலை வாங்கிச் சேமித்து, ஏறிய மாதங்களில் சங்கங்களுக்கு வெளியிடுமாயின், துள்ளல் அடங்கும். அதற்குச் சேமிப்பு நிதி வேண்டும். தள்ளுபடிக்குச் செல்லும் பணத்தில் ஒரு பங்கு இந்நிதிக்குத் திருப்பப்படுமாயின் எவருக்கும் இழப்பில்லை என்று சொல்லமாட்டோம். வாங்குவோருக்குச் சிறிது இழப்பு உண்டு. அந்த இழப்பு பதினேழு சேலைகளில் சிதறும் துளி போன்றது என்பதை முதற் கணக்கில் கண்டோம்.

சேமிப்பில் இடர் இல்லாமலில்லை. விலை தாழ்ந்தது என்று எண்ணி வாங்கியபின் இன்னும் தாழ்ந்தால் இணையம் நட்டப்படும். நூல் கிடங்கில் நாள்பட்டால் ஈரமும் பூச்சியும் உண்டு. ஜப்பானில் அரசாங்கமே பட்டை வாங்கி அடுக்கி, விற்க வழியின்றித் திணறியதும் உண்டு. ஆகையால் சேமிப்பு சில மாத நெசவுக்கு உரிய அளவில் நிற்க வேண்டும். விலையை என்றென்றும் தாங்கிப் பிடிக்கும் கருவியாக அதைக் கருதலாகாது.

வரும் பேரவைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் சங்கத்தின் ஆண்டறிக்கையில் சில இடங்களைப் பார்த்து வருதல் வேண்டும். நெசவாளர் சங்கமாயின், ஆண்டிறுதியில் இருந்த நூல் இருப்பு எவ்வளவு, என்ன விலையில் வாங்கியது, அதில் இணையத்திடம் வாங்கியது எத்தனை கிலோ, வெளியில் எத்தனை கிலோ, அரசாங்கத்திடமிருந்து வர வேண்டிய தள்ளுபடி நிலுவை மூலதனத்தில் எத்தனை பங்கு என்பவற்றைக் கேளுங்கள். வளர்ப்போர், தம் கூட்டிலிருந்து ஒரு கிலோ நூலுக்கு எத்தனை கிலோ கூடு ஆயிற்று என்பதைச் சோதித்து அறிந்து வந்து, ஏலத்தில் கண்பார்வை விலைக்குப் பதிலாகச் சோதனை விலை கோருங்கள். தறிவாரியாகப் பாவு இறக்கிய நாளும் அடுத்த பாவு ஏற்றிய நாளும் குறிக்கும் ஏடு இல்லாத சங்கம், அதை இம்மாதமே தொடங்கலாம். அரசாங்கத்திடம் உதவி கேட்கச் செல்லும்போது, கூலி இல்லாமல் கழிந்த நாட்களை அந்த ஏட்டிலிருந்து எண்ணிக் காட்ட முடியும்.